மேசைமேல் ஒரு கீர்த்தனை

முடக்குவாதம் வந்ததிலிருந்து என் கைகள் காலையில் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்த பிறகுதான் கொஞ்சம் இளகும். அப்புறம் உள்ளங்கையைச் சாப்பாட்டு மேசையில் பதித்து, ஒவ்வொரு விரலாகத் தூக்கி இறக்க வேண்டும். "பையத் தூக்குங்கம்மா, வலிச்சா நிறுத்திருங்க" என்றாள் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்.

பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச்சில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசித்த விரல்கள் இவை. முதலில் வீங்கியபோது, ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதை நம்பி ஆர்கனை விட்டு எழுந்தவள்தான். திரும்ப அந்த இருக்கையில் உட்காரவே இல்லை. இந்தப் பயிற்சியை அன்றைக்கே ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா?

ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தபடி, சொல்லுக்கு ஒரு விரலாகத் தூக்குவேன். போன வாரம், எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் அதைக் கேட்டுவிட்டார். "ஏட்டி, நான் பாடுதேன், நீ வாசி" என்றார்.

அவர் சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசை. என் ஆர்கன் ஒரு வரியை முடித்த பிறகும் அவர் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "பாட்டை இழுக்காதிய" என்று சர்ச் வாசலிலேயே எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன்.

அவர் பாடப் பாட, பெருவிரல் எழுந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எழுந்தன. மோதிர விரல் மட்டும் மேசையோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அது எழும்வரை அவர் அந்த ஒரு சொல்லையே இழுத்துக்கொண்டிருந்தார்.