யானை கேட்டு வாங்கிய கைப்பை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆகஸ்ட் மாதம், கென்யாவில் நடந்தது இது. நாங்கள் அப்போது லண்டனில் ஹவுன்ஸ்லோவில் குடியிருந்தோம். என் கணவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் இருந்தார். அவரோடு வேலை பார்த்த ஒரு குஜராத்திக்காரர் கென்யாவில் பிறந்து வளர்ந்து, பிறகு சவுத்தாலுக்குக் குடிவந்தவர். தேநீர் இடைவேளை கிடைத்தால் போதும், சிங்கம், யானை என்று ஆரம்பித்துவிடுவாராம். கேட்டுக் கேட்டு இவருக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. லீவு என்றால் கலியாண வீட்டுக்குப் பாரிசுக்கோ டொரொண்டோவுக்கோ போய்த்தான் எங்களுக்குப் பழக்கம். மிருகம் பார்க்கவா விமானம் ஏறுவது என்று நான் முகத்தைச் சுளித்தேன். ஆனால் எங்கள் மகளும் என் மச்சாளும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். அப்புறம் என் பேச்சு எங்கே எடுபடும்?

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. இலங்கைச் சண்டையில் கணவரை இழந்து, தனியாக எங்களிடம் வந்து சேர்ந்தவர். நல்ல மனுஷி, பிள்ளையார் பைத்தியம். யாழ்ப்பாணத்தில் காட்டு யானை ஏது? அவர் யானையைப் படத்தில் பார்த்ததோடு சரி. "பிள்ளையாரை நேரில பாக்கப் போறன்" என்று கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

அவருடைய கறுப்புக் கைப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மூவருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அவரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலநிறப் பயணப் புத்தகம். குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு அலைந்து அலைந்து, குளிரில் வரிசையில் நின்று வாங்கியது. அது இருந்த பையை அவர் ஒரு நிமிடம்கூடக் கீழே வைக்கமாட்டார். தூங்கும்போது தலையணைக்கடியில் இருக்கும், குளிக்கப் போனால் கூடவே போகும். கென்யாவில் எங்கள் பாஸ்போர்ட்டுகளை விடுதியின் பெட்டகத்தில் வைத்தபோது அவருடையதையும் கேட்டேன். "அது என்னோடயே இருக்கட்டும் பிள்ளை" என்று சொல்லிவிட்டார். சீருடை போட்ட யாரைக் கண்டாலும் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார். கவுண்டர்களில் அவருக்காகப் பேசுவதெல்லாம் நான்தான்.

இரண்டாம் நாள் காலை மிருகம் பார்க்கப் போகும் வேனில் ஏறும்போது ஓட்டுநர் கேட்டார், சாப்பாடு ஏதாவது கொண்டுவருகிறீர்களா, முக்கியமாகப் பழம் இருக்கிறதா என்று. யானைக்கு மோப்பம் அதிகமாம். நான் தமிழில் திருப்பிக் கேட்டேன். மச்சாள் பளிச்சென்று "இல்லை" என்றார்.

கொஞ்ச தூரம் போனதுமே யானைக் கூட்டம். பாதையின் இரண்டு பக்கமும் தாய்களும் குட்டிகளுமாக நின்றன. பின்னால் தூரத்தில் பனி மூடிய பெரிய மலை. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டார். மகள் மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைச் சுளித்த நானும்தான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். மச்சாள் சன்னலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

அவர் கண்ணைத் திறந்தபோது பெரிய தந்தமுள்ள யானையொன்று எங்கள் வேனை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தது.

"யாரும் அசையாதீர்கள்" என்று ஓட்டுநர் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். முன்னாலும் பின்னாலும் குட்டிகள் நின்றதால் வண்டியை எடுக்க வழியில்லை. தும்பிக்கை சன்னல் வழியாக உள்ளே வந்தது. ஈரமும் மயிருமாக மச்சாளின் மடியைத் தடவிப் பார்த்து, கைப்பையைச் சுற்றிப் பிடித்தது. பையின் வார் வழக்கம்போல அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. யானை இழுக்க, பையோடு அவர் கையும் சன்னலுக்கு வெளியே போனது.

"அக்கா, விடுங்கோ! கையைப் பிடுங்கிப்போடும்!" என்று என் கணவர் பதறினார். மகள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உயிரை விட்டாலும் இந்த மனுஷி பையை விடமாட்டாரே!

மச்சாள் அந்த யானையின் கண்ணையே பார்த்தார். பிறகு மற்றக் கையால் வாரை மெல்லக் கழற்றினார்.

"கொண்டு போங்கோ, பிள்ளையாரப்பா" என்றார்.

யானை பையை உதறியது. உள்ளேயிருந்து விழுந்தது ஒரு சீப்பு வாழைப்பழம்! ஆற அமர அதைத் தின்னத் தொடங்கியது.

"பழம் இல்லையெண்டு சொன்னீங்களே மச்சாள்!"

"அது சாப்பாடு இல்லைப் பிள்ளை. அவருக்கெண்டு கொண்டந்தது. வெறுங்கையோட எப்பிடிப் போய்ப் பாக்கிறது?"

சாமிக்கு என்று எடுத்து வைத்துவிட்டால் பிறகு அது மனிதர்கள் தின்னும் பழம் இல்லை, எங்கள் வீடுகளில் அப்படித்தான். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்போது அந்த நியாயம் ஏறவில்லை. புத்தகம் போய்விட்டால் இவரை யார் விமானத்தில் ஏற்றுவார்கள்? இவரை விட்டுவிட்டு நாங்கள் எப்படித் திரும்புவது? யானையின் காலுக்குப் பக்கத்தில் பை மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. நன்றாக ஏச வேண்டும் என்று வாயைத் திறந்துகொண்டு திரும்பினேன். மச்சாள் கன்னத்தில் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் எங்களிடம் வந்து சேர்ந்த நாளிலிருந்து அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. ஏச்சை அப்படியே விழுங்கிவிட்டேன்.

ஓட்டுநர் வயர்லெஸ்ஸில் பேசினார். யானைகள் மெல்ல விலகிப் போன பிறகு வனக்காவலர்கள் ஜீப்பில் வந்து பையை எடுத்துத் தந்தார்கள். பையின் ஜிப் பிய்ந்து போயிருந்தது. புத்தகத்தில் சேறும் யானையின் எச்சிலும். அட்டை மடங்கியிருந்தாலும் படமும் எழுத்தும் தப்பியிருந்தன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஓட்டுநர் திட்டவில்லை. பழம் எதற்கு என்று மட்டும் கேட்டார். நான் விளக்கியதும் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அப்படிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அமைதியாகச் சொன்னார், மனிதர் கையில் பழம் இருக்கும் என்று பழகிய யானை பிறகு வண்டிகளையும் வயல்களையும் தேடி வரும், கடைசியில் அதைச் சுட வேண்டியதாகிவிடும் என்று. நான் தமிழில் சொன்னதும் மச்சாளின் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, என்ரை பழத்தாலயோ?"

அவர் கேட்டது ஓட்டுநருக்கு மொழிபெயர்க்காமலே விளங்கிவிட்டது. "ஒரு தடவைதானே, மாமா, மறந்துவிடும்" என்று தேற்றினார். அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மாவாம். மறுநாள் வேனில் ஏறுமுன் மச்சாள் தானாகவே இரண்டு கைகளையும் விரித்து அவரிடம் காட்டினார். அன்று யானைகள் வெகு தூரத்தில் நின்றன. வெறுங்கையைக் கூப்பிக் கும்பிட்டார். அதுவும் நிறைவாகத்தான் இருந்தது என்று இரவு சாப்பிடும்போது சொன்னார்.

ஹீத்ரோவில் குடிவரவு அதிகாரி அந்தப் புத்தகத்தைத் திறந்தபோது காய்ந்த சேறு மேசையில் உதிர்ந்தது. இதற்கு என்ன நடந்தது என்று நெற்றியைச் சுருக்கினார். வழக்கம்போல நான் வாயெடுத்தேன். அதற்குள் மச்சாள் நிமிர்ந்து நின்று, "எலிபன்ட். ஹி ஆஸ்க், ஐ கிவ்" என்றார்.

அதிகாரி அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மச்சாளுக்கு எந்தக் கவுண்டரிலும் என் உதவி தேவைப்படவில்லை. எனக்குத்தான் இன்றும் ஒன்றைப் பிடித்தால் விட மனம் வருவதில்லை. அப்போதெல்லாம் சன்னலோரம் அந்த வாரை அவர் மெல்லக் கழற்றியதை நினைத்துக்கொள்கிறேன், நெஞ்சு கொஞ்சம் இலேசாகிறது.