எல்லோரும் எழுதலாம் என்று திறந்த பக்கம்

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கணினிப் பயிற்சி நிலையத்தில் கமலேஸ்வரி ரீச்சரைக் கோபப்படுத்த இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று, விசைப்பலகைக்கு மேலே வைத்து வடை தின்பது. மற்றது, உதவிப் பக்கங்களைப் பற்றிக் கதையெடுப்பது.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த எழுத்துச் செயலி ஒன்றை அவள் படிப்பித்து வந்தாள். அதற்குத் தமிழில் உதவிப் பக்கங்களும் இருந்தன. எழுதியவர்கள் வெளிநாடுகளில் இருந்த நாலைந்து பெரிய படிப்பாளிகள். வாசித்தால் செயலியே வேண்டாம் என்று ஓடத் தோன்றும். பாவிக்கிறவனுக்குத்தானே எங்கே இடறும் என்று தெரியும், அவனையே எழுத விடுங்கள் என்று கமலேஸ்வரி மின்னஞ்சலில் ஒற்றைக் காலில் நின்றாள்.

"கண்டவனும் கை வைச்சால் எல்லாம் குழம்பிப் போகும், தங்கச்சி" என்றார், ஜேர்மனியிலிருந்து அதை நிர்வகித்த சோமசேகரம்.

"குழம்பினால் நான் திருத்துறன், அண்ணை. பழைய பக்கங்கள் எல்லாம் சேமிப்பில கிடக்கும்தானே? ஒண்டும் அழியாது."

அவள் வென்றாள். 2007இல் பக்கங்களைத் திறந்துவிட்டார்கள். யாரும் எழுதலாம், எழுதிய மறுகணமே உலகம் முழுவதும் பார்க்கலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்துத் திருத்துவது கமலேஸ்வரியின் பொறுப்பு.

வெளியே காலம் நன்றாக இல்லை. பொழுது சாய முன்பே கடைகள் பூட்டின. இளம் பொடியன்கள் போன இடம் தெரியாமல் போனார்கள். அவளுடைய தம்பி கோணேஸை யாரோ இரண்டு பேர் வாசல் படலையடியில் வந்து விசாரித்த அன்றே, மாமா இரத்தினசிங்கம் அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எங்கே என்று அம்மாவுக்குக்கூட அவர் சொல்லவில்லை. "தெரியாட்டில் சொல்லவும் ஏலாதுதானே, அக்கா" என்றார். அயலில் அவன் கட்டாருக்குப் போனதாகக் கதை. அம்மா மாதக் கணக்காக நித்திரை கொள்ளவில்லை.

ஒருநாள் காலை, வகுப்புத் தொடங்க முன் கமலேஸ்வரி புதிய மாற்றங்களைத் திறந்தாள். 'ஆவணத்தில் படம் சேர்ப்பது எப்படி' என்று யாரோ புதியவர் எழுதியிருந்தார். நல்ல எழுத்து, எதைத் தொட்டால் எது வரும் என்று தெளிவாக இருந்தது. பரவாயில்லையே என்று சந்தோசப்பட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். உதாரணத்துக்கென்று ஒரு படம் போட்டிருந்தார்கள்.

கதிரையில் கோணேஸ் இருந்தான்.

அவனுக்குப் பின்னால் யன்னல் திறந்து கிடந்தது. யன்னலுக்கு வெளியே 'அபூதாஹிர் அரிசி ஆலை' என்ற பலகை எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. அதற்கும் அப்பால் கிண்ணியா இறங்குதுறை. அபூதாஹிர் அப்பாவின் பழைய சிநேகிதர். படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: 'படத்தை வேண்டிய இடத்தில் இருத்தவும். படம் நலமாக இருக்கிறது. வீட்டில் சொல்லவும்.'

ஒவ்வொரு மாற்றத்தையும் அக்கா பார்ப்பாள் என்று தெரிந்துதான் போட்டிருக்கிறான். அக்காவோடு சேர்த்து ஊரும் உலகமும் பார்க்குமே என்று அந்த மண்டைக்குள் ஏறவில்லை. "மொக்கன், மொக்கன்" என்று வாய்விட்டே திட்டினாள். உடனே படத்தை நீக்கினாள். நீக்கிய பிறகுதான் நினைவு வந்தது. 'பழைய வடிவங்கள்' என்பதைத் தொட்டால் படம் அப்படியே கிடந்தது. ஒன்றும் அழியாது என்று வாதாடியவளே அவள்தான்.

அடியோடு அழிக்கும் அதிகாரம் சோமசேகரத்துக்கு மட்டும்தான். நல்ல காலம், அவர் அரட்டைப் பெட்டியில் இருந்தார்.

"நல்ல பக்கம்தானே, தங்கச்சி. ஏன் அழிக்கச் சொல்லுறீங்கள்?"

"காரணம் கேளாதேங்கோ, அண்ணை. படத்தை அடியோட எடுத்துவிடுங்கோ. ஒரு உயிர் கிடக்குது."

அடுத்த நிமிடமே "அழிச்சிட்டன்" என்று எழுத்து வந்தது. ஒரு பிரதியாவது எடுத்து வைப்போமா என்று முதலில் அவளுக்கும் ஆசை வந்ததுதான். வழியில் சோதனைச்சாவடி, நிலையத்துக்கும் எப்போது வந்து தேடுவார்கள் என்று தெரியாது. விட்டுவிட்டாள். அதற்குள் எத்தனை பேர் கண்டார்களோ, மலைக்கோயில் கோணேசருக்கே வெளிச்சம். நிலையத்தைப் பூட்டிவிட்டு நேரே மாமாவிடம் ஓடினாள். அன்று பகலே கோணேஸை வேறிடம் மாற்றினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் போய் அம்மாவின் காதோடு சொன்னாள். "அம்மா, தம்பி இருக்கிறான். படத்தில கண்டனான்."

அம்மா கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கமலேஸ்வரியின் கையைப் பிடித்தாள்.

"மெலிஞ்சு போனானோ, பிள்ளை? தாடி கீடி வளர்த்திருக்கிறானோ? சிரிச்சுக்கொண்டோ இருந்தவன்?"

கமலேஸ்வரி கண்ணை மூடிப் பார்த்தாள். பலகை வந்தது, அதிலிருந்த ஒவ்வொரு எழுத்தும் வந்தது. யன்னல் கம்பி வந்தது. துறையில் கட்டியிருந்த வள்ளம்கூட வந்தது. கதிரையில் பொத்தான் போட்ட ஒரு நீலச் சேட்டு இருந்தது, அதற்கு மேலே ஒன்றுமே வரவில்லை.

"அம்மா" என்றாள், "நான் அவன்ர முகத்தைப் பார்க்கேல்லை."