மரத்துப் போகும்வரை

காலை ஏழரைக்கு எண்டோஸ்கோபி அறையின் விளக்கைப் போட்டதும், சிஸ்டர் மரக்க வைக்கிற ஸ்பிரே பாட்டிலை எடுத்துக் குலுக்கி, நாக்கை நீட்டி, தன் நாக்கின் மேலேயே ஒரு தடவை அடித்துக்கொள்கிறார். முகம் கோணிப்போகிறது. கசப்பு அப்படி. வாழைப்பழ வாசனை சேர்த்திருப்பதாகப் பாட்டிலின் மேல் எழுதியவர்களை ஒருமுறை திட்டுகிறார். இரண்டு நிமிடம் கழித்து நாக்கைப் பல்லால் கடித்துப் பார்க்கிறார். வலித்தால் அந்தப் பாட்டில் குப்பைக் கூடைக்கு. வலிக்காவிட்டால் அன்றைய வேலை தொடங்கும்.

இதனால் முதல் அரைமணி நேரம் அவருக்குப் பேச்சு குழறும். காலையில் விடுகிற முதல் நாலு திட்டும் யாருக்கும் புரியாது. தரை துடைக்கிற அம்மாள், "சிஸ்டர் இன்னைக்கும் காலையிலேயே போட்டுட்டு வந்துட்டாங்க" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். எட்டு மணிக்கு நாக்கு தெளிந்துவிடும். அதற்குப் பிறகு மாலை வரை எல்லாருக்கும் எல்லாம் நன்றாகவே புரியும்.

வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கிற அறை அது. உள்ளே பார்ப்பது டாக்டர். அதற்கு முன்னால் தொண்டையை மரக்க வைப்பதும், பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையத்தை வைப்பதும், தலையைப் பிடித்துக்கொள்வதும் சிஸ்டர். வயது ஐம்பதை நெருங்குகிறது. ஒல்லி உடம்பு, பின்பக்கம் மிதிபட்டு மடங்கிய வெள்ளை ஷூ, எப்போதும் மூக்குக்கு மேலே கோபம். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குத் தொண்டை சிஸ்டர் என்றே பேர். லிஃப்டில் தெரியாதவர்கள்கூட அப்படித்தான் வணக்கம் சொல்கிறார்கள்.

"வாயை நல்லாத் திறங்க. ஆ சொல்லுங்க. இன்னும் பெருசா. வீட்ல சண்டை போடும்போது திறக்கறீங்கல்ல, அந்த அளவுக்கு" என்பார். அடித்து முடித்ததும், "உடனே முழுங்காதீங்க, அங்கயே வச்சிருங்க. ம், இப்ப முழுங்குங்க. உருண்டை அடைச்ச மாதிரி இருக்கா? அடைக்கல. மூச்சு அது பாட்டுக்கு வரும். முழுங்கறதுதான் தெரியாது. பயப்பட ஒண்ணுமே இல்ல." சொல்லிவிட்டு டைமரை ஐந்து நிமிடத்துக்குத் திருகுவார். தக்காளி வடிவத்தில், டிக் டிக்கென்று சத்தம் போடுகிற சமையலறை டைமர். தன் வீட்டு அடுப்படியிலிருந்து கொண்டுவந்தது. அவர் வீட்டில் முட்டை இப்போது குத்துமதிப்பாகத்தான் வேகிறது.

மணி அடித்ததும் மரத்துப் போச்சா என்று கேட்க மாட்டார். "கேட்டா எல்லாரும் போச்சுன்னுதான் சொல்வாங்க. பயத்துல பொய் வந்துடும். குச்சி சொல்லட்டும்." மரக்குச்சியால் அடிநாக்கைத் தொடுவார். குமட்டினால் மரக்கவில்லை. குமட்டாவிட்டால்தான் வளையத்தின் உறையைக் கிழிப்பார். அதுவரை அந்த வளையம் அவருடைய இடது கைக்குள்ளேயே இருக்கும். வளையம் இல்லாமல் டாக்டரால் குழாயை உள்ளே விட முடியாது. விட்டால் நோயாளி கடித்துவிடுவார், பல லட்சம் ரூபாய்க் குழாய். இதைச் சிஸ்டர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, கையை மட்டும் மூடி வைத்துக்கொள்கிறார்.

டாக்டர் கெட்டவர் இல்லை. கை சுத்தம், கண் கூர்மை. ஆனால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரியே நிற்பார். "முப்பது செகண்டு போதும் சிஸ்டர். நான் படிக்கிற காலத்துல ஸ்பிரேயே கிடையாது" என்பார். "அவசரத்துல அண்டாவுலயும் கை நுழையாது டாக்டர். இது தொண்டை" என்பார் சிஸ்டர். இந்த மாதத்திலிருந்து நிர்வாகமும் டாக்டர் பக்கம் சேர்ந்துகொண்டது. ஒருவருக்கு எட்டு நிமிடம் என்று கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். இன்னொரு நர்ஸ் கொடுங்கள், அடுத்தவருக்கு வெளியிலேயே ஸ்பிரே அடித்து உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், யாருடைய நேரமும் வீணாகாது என்று சிஸ்டர் மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். ஆள் இல்லை என்றார்கள். காகிதம் ஒட்ட மட்டும் ஆள் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சிஸ்டருக்குத் தனக்கு வந்து தெரியவில்லை, ஒரு பெயின்டர் வந்து தெரிந்தது.

நாலு வருடம் ஆகிறது. நல்ல உயரம், நகக்கண்ணில் எல்லாம் சுண்ணாம்பு. சாப்பிட்டது வயிற்றில் நிற்கவில்லை என்று வந்திருந்தார். அன்றைக்கு ஐந்து நிமிடமும் இல்லை, தக்காளியும் இல்லை. சிஸ்டர் ஸ்பிரேயை அழுத்தினார், உஸ்ஸென்று சத்தம் வந்தது, அவ்வளவுதான். "ஒண்ணும் மரக்கல சிஸ்டர்" என்றார் அவர். "எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. ஆம்பளதானே, கொஞ்சம் தைரியமா இருங்க" என்றார் சிஸ்டர். குழாய் உள்ளே போனதும் அந்த மனிதர் துடித்த துடிப்பில் இரண்டு பேர் பிடித்தும் நிற்கவில்லை. தானே குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வாயெல்லாம் எச்சில் வழிய, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிட்டார். அடுத்து வந்தவரும் அதே மாதிரி துடித்தபோதுதான் சிஸ்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சத்தம்தான் போயிருந்தது, மருந்து போகவில்லை.

எட்டு மாதம் கழித்து, பாதி உடம்பாக, அவரைத் தள்ளு வண்டியில் கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்த கட்டி அதற்குள் வழியையே அடைத்துவிட்டது. ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது. அவர் சிஸ்டரை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். "அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான் சிஸ்டர். எனக்குத்தான் தைரியம் பத்தல" என்றார்.

அவர் திட்டியிருந்தால் சிஸ்டர் தாங்கியிருப்பார். பாட்டில் காலி என்று அவரிடம் சொல்ல அன்றைக்கு நாக்கு எழவில்லை, பிறகு சொல்ல அவர் இல்லை. தினமும் காலையில் அந்த நாக்கின் மேல்தான் முதல் மருந்து விழுகிறது. டாக்டர் மேல், நிர்வாகத்தின் மேல், வாழைப்பழ வாசனையின் மேல் எல்லாம் அவர் காட்டுகிற கோபம் கொஞ்சம்தான். மிச்சம் முழுக்க தன் மேல்.

இன்றைக்கு ஆறாவதாக ஒரு தையல்காரப் பெண். கழுத்தில் அளவு டேப்பைக் கழற்ற மறந்து வந்திருக்கிறார். வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, முகம் வெளுத்துக் காகிதமாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் வேறொரு இடத்தில் குழாய் தொண்டையைத் தொட்டதும் எழுந்து ஓடியவர். இந்தத் தடவை ஓடினால் திரும்பி வருவாரா, வர உடம்பு இருக்குமா என்பது சந்தேகம்தான். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும், கட்டிலிலிருந்து தொங்கிய கால்கள் கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன.

சிஸ்டர் ஸ்பிரே அடித்தார், டைமரைத் திருகினார். டாக்டர் கையுறையை இழுத்து விட்டுக்கொண்டு, "போன தடவை ஓடிப்போனவங்கதானே? பயப்படாதீங்கம்மா. கொஞ்சம் தைரியம் வேணும், அவ்வளவுதான்" என்றார்.

"அவங்களுக்கு எதுக்கு டாக்டர் தைரியம்?" சிஸ்டரின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. "மருந்து வேலை செய்யணும். அது நம்ம வேலை. அவங்க வயித்துல ரத்தம் ஒழுகிட்டு இருக்கு, தைரியத்தையும் அவங்களே வீட்லருந்து கட்டிட்டு வரணுமா?"

டாக்டர் கதவில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். தக்காளி டிக் டிக்கென்று ஓடியது. மணி அடித்தது. சிஸ்டர் குச்சியால் தொட்டார். அந்தப் பெண்ணுக்கு உடம்பு தூக்கிப்போட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. இருந்தும், "பரவால்ல சிஸ்டர், மரத்துடுச்சு" என்றார். வலது கால் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டது.

"பொய் சொல்லாதீங்கம்மா. இன்னும் மரக்கல" என்றார் சிஸ்டர். இப்போது குரல் இறங்கியிருந்தது. "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. சிலருக்கு லேட்டாத்தான் பிடிக்கும். இன்னும் ரெண்டு அடிக்கலாம், அளவுக்குள்ளதான் இருக்கு. வாயைத் திறங்க."

அடித்தார். டைமரை மறுபடி ஐந்துக்குத் திருகினார்.

"சிஸ்டர், வெளிய முப்பது பேர் இருக்காங்க" என்றார் டாக்டர். வளையத்தைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார்.

கட்டிலின் கீழே செருப்பு கழன்று விழுந்தது. அந்தப் பெண் இரண்டு காலையும் தூக்கிக் கட்டில் மேல் வைத்து, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.

சிஸ்டர் இடது கையைத் திறக்கவில்லை. வலது கையால் ஓடிக்கொண்டிருந்த தக்காளியை எடுத்து, டாக்டர் நீட்டிய கையில் வைத்தார்.