போனைப் பிடிக்க ஓர் ஆள்

புதுவாயலைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும், படம் எடுத்தவர் பெரும்பாலும் துளசிராமனாகத்தான் இருப்பார். ஒரு படத்திலும் அவர் இருக்க மாட்டார். தொழில் அப்படி என்று விட்டுவிடலாம். ஆனால் தன் இரண்டு தங்கைகளின் கல்யாணத்தையும் அவரே எடுத்தார். வெளியாளுக்கு எதற்குத் தண்டச் செலவு என்ற எண்ணம். சின்னவளின் மாமியார் ஆல்பத்தைக் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு அண்ணன் ஒருத்தர் இருக்காருன்னாங்களே, அவரு வரலியா?" என்று கேட்டாராம். தங்கை அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். துளசிராமனும் கூடச் சிரித்துவைத்தார்.

தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவருக்குப் பெண் தேடுகிற வயது போய்விட்டிருந்தது. தேடவும் யாரும் இல்லை. இப்போது ஐம்பதைத் தொடப்போகிறார். லைன் வீடுகளில் கடைசி வீடு, மெஸ் சாப்பாடு. அக்கம்பக்கத்தில் எல்லாரும் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள். யார் எப்போது தூங்குகிறார்களோ, அதனால் எவர் கதவையும் தட்டுவதில்லை என்பார். அது வெறும் சாக்கு. கதவு திறந்தால் என்ன பேசுவது என்று தெரியாது, அவ்வளவுதான்.

மங்கலான மண்டபத்திலும் முகம் பளிச்சென்று விழுகிற லென்ஸ் ஒன்றை நெடுநாள் ஆசைப்பட்டு ஆன்லைனில் வாங்கினார். அது வந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மிக்ஸி கொள்ளும் பெட்டிக்குள் ஒரே ஒரு காற்றுப் பையைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். வழியெல்லாம் உருண்டு வந்த லென்ஸின் முன்கண்ணாடியில் விரிசல். முட்டை விற்கிறவர்கூட இதைவிட அக்கறையாகக் கட்டித் தருவார்.

கஸ்டமர் கேரில் ஒன்றை அமுக்கி, மூன்றை அமுக்கி, பாட்டெல்லாம் கேட்டு முடித்த பிறகு நந்தினி என்ற பெண் வந்தாள்.

"பாக்ஸ் பிரிக்கிற வீடியோ இருக்கா சார்?"

"பொட்டி பிரிக்கிறத எவன்மா வீடியோ எடுப்பான்?"

ஊரார் தாலி கட்டுவதிலிருந்து பந்தியில் பாயசம் குடிப்பது வரை வீடியோ எடுத்தவர் கேட்ட கேள்வி இது.

"இந்த ஒரு தடவ மாத்தித் தரோம் சார். அடுத்த பாக்ஸ் வந்ததும், ஆறு பக்கமும் கிட்டக் காட்டி, லென்ஸ் வெளிய வர்ற வரைக்கும் நிறுத்தாம வீடியோ எடுக்கணும். பாக்ஸ் எங்கயும் மறையக் கூடாது. ரெண்டு நாளுக்குள்ள அனுப்பலன்னா ஒண்ணும் பண்ண முடியாது சார்."

"ஸ்டாண்டுல போன வெச்சி எடுத்துக்கிறேன்."

"வேணாம் சார், லேபிள் தெரியலன்னு ரிஜெக்ட் ஆயிடும். வீட்ல யாரையாவது போன் பிடிக்கச் சொல்லுங்க."

"சரிம்மா" என்றார். வேறு என்ன சொல்வது?

இரண்டாவது பெட்டி வந்தது. கட்டில்மேல் வைத்துவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். மெஸ்காரருக்கு ஓய்வு கிடையாது. கும்மிடிப்பூண்டி ஸ்டூடியோக்காரர்களைக் கூப்பிட்டால் ஒரு மாதத்துக்குக் கிண்டல் நிற்காது. மீஞ்சூரில் இருக்கும் சின்ன தங்கைக்குப் போன் போட்டார்.

"இன்னாண்ணா, அவசரமா? ஸ்கூல் வேன் வந்துக்கினு கீது."

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

அன்றைக்குக் கட்டிலில் பெட்டிக்கு இடம் விட்டு ஒடுங்கிப் படுத்தார். போனைப் பிடிக்க ஓர் ஆள் இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேரை நெருங்கி நில்லுங்கள் என்று அதட்டியிருப்பார்!

மறுநாள் வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். கண்ணாடிச் சாமான் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஏஞ்சலின் வார லீவில் இருந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னதும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாண்ணா இது, பொறந்தநாளு மாரி?"

"பொட்டிய மட்டும் விட்றாதம்மா."

அவளும் ஆறு பக்கத்தையும் ஒழுங்காகத்தான் எடுத்தாள். அவர் கத்தியை வைத்ததும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "ஒரே ஒரு காத்துப் பையா? இப்டி நான் பேக் பண்ணா எங்க சூப்பர்வைசர் தோல உரிச்சிடுவாரு!" அப்புறம், "மூஞ்சத் தூக்குங்கணா. புதுசு வாங்கிக்கினு யாராச்சும் இப்டி உம்முனு இருப்பாங்களா? சிரிங்கணா!"

அவர் வாயில் தினமும் வருகிற வார்த்தைதான். அவரைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. நிமிர்ந்து பார்த்தார், சிரித்தும்விட்டார்.

லென்ஸை ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ கழன்று கடகடத்தது.

"அய்யே! விடாதீங்கணா, வீடியோதான் கீதுல்ல" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனாள்.

துளசிராமன் வீடியோவைப் போட்டுப் பார்த்தார். கத்தி பட்ட இடத்திலிருந்து பெட்டியே இல்லை. விசேஷ வீட்டில் எல்லாரும் எடுக்கிற மாதிரி முகத்தைத்தான் எடுத்திருந்தாள். இது செல்லாது என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் ஒரு தடவை பிரித்த பெட்டியை மறுபடி பிரிக்க முடியாது. அதையே அனுப்பினார். பிறகு எதற்கோ இன்னொரு தடவை பார்த்தார்.

பதில் சொல்ல நந்தினியே கூப்பிட்டாள். "சார், கட் பண்ற எடத்துலேர்ந்து பாக்ஸே வரல. லென்ஸ் அதுலேர்ந்துதான் வந்துச்சுன்னு எப்படி சார் எடுத்துக்கிறது? முழுக்க நீங்கதான் இருக்கீங்க."

சண்டை போட எல்லாம் யோசித்து வைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"எப்டிம்மா கீறேன் அதுல?"

"நல்லா சிரிக்கிறீங்க சார்" என்றாள் நந்தினி, மெதுவாக. "ஆனா கம்ப்ளைன்ட் க்ளோஸ் ஆயிடும் சார். ஸாரி."

"பரவால்லம்மா" என்று வைத்தார். ஆசைப்பட்டு வாங்கியது போனதில் வருத்தம்தான். வருகிற முகூர்த்தத்துக்கும் பழைய லென்ஸ்தான்.

சாயங்காலம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஏஞ்சலின் அவரைப் பார்த்ததும் கேட்டாள்.

"இன்னாண்ணா, மாத்திக் குடுத்தாங்களா?"

"குடுத்துட்டாங்கம்மா. வீடியோ ரொம்ப கிளியரா இருந்துச்சாம்."

"பாத்தீங்களா! எங்கூட்டுக்காரு எனக்கு போன் புடிக்கவே தெரியாதும்பாரு" என்று முகமெல்லாம் பூரித்தாள். "வேற எதுனா பிரிக்கணும்னா கூப்புடுங்கணா."

"கூப்புட்றேன்" என்றார்.

உள்ளே போய்க் கெட்டுப்போன லென்ஸைப் பெட்டியோடு எடுத்து, அலமாரியின் அடித்தட்டில் பழைய ஆல்பங்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். அவள் மறுபடி எப்போதாவது உள்ளே வந்தால் கண்ணில் பட்டுவிடக் கூடாதே.