ஒன்றரை ஷிப்ட்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் மண்ணரைப் பகுதியில் எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி இருந்தது. கணவர் ஆர்டர் பிடித்து வருவார்; தையலையும் செக்கிங்கையும் நான் பார்ப்பேன். இரண்டாம் வகுப்புப் படித்த மகள் பள்ளி விட்டதும் நேராகக் கம்பெனிக்கு வந்துவிடுவாள். வெட்டியது போக மிஞ்சிய துணியைச் சுருட்டி, எலாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றி, அவளாகவே ஒரு பந்து செய்து வைத்திருந்தாள். டீ டைமுக்கு மிஷின்கள் நின்றதும் டெய்லர்களோடு ஒரே ஆட்டம். தோற்றாலும் சிரிப்பாள், விழுந்தாலும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு வேலையே ஓடாது, நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

டெய்லர்கள் சொல்லித்தான், எங்கள் ஊர் ராயபுரத்துப் பக்கம் ஒரு மைதானத்தில் சனி, ஞாயிறுகளில் நடந்த கால்பந்துப் பயிற்சியில் அவளைச் சேர்த்தோம். சில மாதம் நன்றாகப் போனது. பிறகு ஒருநாள் கோச் எங்களைக் கூப்பிட்டு, பிள்ளையிடம் திறமை இருக்கிறது, வார நாட்களில் சாயங்காலம் தனிப் பயிற்சி நடக்கிறது, விருப்பமிருந்தால் அனுப்புங்கள் என்றார். சின்னப் பிள்ளைதான், யோசித்துச் செய்யுங்கள் என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னது மட்டும் என் கணவரின் காதில் ஏறவே இல்லை.

எங்கள் ஊரில் ஒரு நாள் வேலையை ஷிப்ட்டில்தான் அளப்போம். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு ஷிப்ட். அதற்கு மேலும் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரை இழுத்தால் ஒன்றரை. ஆர்டர் நெருக்குகிறதா, ஒன்றரை ஓட்டு, சரக்கு வெளியே வந்துவிடும். எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். கணவர் அதை அப்படியே பிள்ளை மேல் போட்டார்.

"நல்லா வர்ற புள்ளைய ஒரு ஷிப்ட்டோட எதுக்கு நிறுத்தோணும்? ஒன்றரை ஓட்டுனா ரெண்டே வருசத்துல எங்கியோ போயிருவா."

"அவ மிஷின் இல்லீங்க," என்று சண்டை போட்டேன். அவளுக்கும் பிடித்துத்தானே இருக்கிறது என்று அவர் என் வாயை அடைத்துவிட்டார். பிடித்துத்தான் இருந்தது.

பள்ளி விட்டு வந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு அப்பாவின் மொபெட்டில் ஏறிப் போவாள். இருட்டிய பிறகு திரும்பி வந்து, செக்கிங் டேபிள் ஓரத்தில் சாப்பிட உட்கார்ந்து, கையில் சோற்றோடு பாதியிலேயே தூங்கி விழுவாள். ஆரம்பத்தில் வழியெல்லாம் ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தவள், போகப் போகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் கேட்டாள்:

"ஏனுங்ப்பா, இன்னிக்கு ஒண்ணுங்களா, ஒன்றரைங்களா?"

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லித் தீர்த்தார். எங்கள் டெய்லர்கள் தினமும் அதே வார்த்தையில், அதே குரலில்தான் கேட்பார்கள். இன்றைக்காவது சீக்கிரம் வீடு போய்ச் சேர முடியுமா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி அது.

மழையில் மைதானம் குளமாகிப் பயிற்சி நின்ற நாளில், கம்பெனிக்கு லீவு விட்டது போலத் துள்ளினாள். அப்புறம் குதிகால் வலிக்கிறது என்றாள். வளர்கிற எலும்பு, கொஞ்ச நாளைக்கு ஓடவிடாதீர்கள் என்றார் டாக்டர். கணவர் அன்று முழுக்க முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். வார நாள் பயிற்சியை அவரே போய் நிறுத்திவிட்டு வந்தார். அந்தக் கோலத்தில் பார்த்தும் அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. கால் சரியானது. கால் சரியானால் பிள்ளையும் பழையபடி ஆகிவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கை ஒரு டீ டைமோடு போனது. அவளோடு எப்போதும் விளையாடுகிற டெய்லர் ஒருவர், மூலையில் கிடந்த பழைய துணிப் பந்தைத் தேடியெடுத்து அவள் காலடிக்கு உருட்டிவிட்டார். அடி பாப்பா, பார்க்கலாம் என்றார். அவள் பந்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கால் நகரவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"இது டீ டைமுங்ணா."

சொல்லிவிட்டு, அவர்களோடு அவர்களாகச் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு வர்க்கியைப் பிய்த்துத் தின்றாள். யாரும் சிரிக்கவில்லை. கணவர் என்னைப் பார்த்தார்; நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தையல் தப்பினால் பிரித்துத் தைக்க எனக்குத் தெரியும். இதை எங்கே பிடித்துப் பிரிப்பது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

பெல் அடித்தது. டெய்லர்கள் எழுந்து மிஷினுக்குப் போனார்கள். அவளும் எழுந்து, அந்தப் பந்தைக் கையால் எடுத்து வேஸ்ட் மூட்டைக்குள் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏனுங்ம்மா, அடுத்து நான் என்ன செய்யோணும்?"