நாச்சிமுத்துவின் கைராசியும் என் எனிமாக் குவளையும்

வீட்டில் ஒருவருக்கு எனிமா கொடுப்பது நன்றியை எதிர்பார்க்கக் கூடாத தொழில். அப்படியே நன்றி வந்தாலும் அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் என்பதை, என்னைப் போல் அல்லற்படும் அன்பர்கள் அறிவீர்கள்.

முதல் நாள்

மொபெட்டிலிருந்து விழுந்து வலத் தோள் எலும்பை முறித்துக்கொண்ட என் கணவருக்கு, வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் முற்றியது. கீரை, பழம், மருந்து எதற்கும் பலனில்லாமற் போகவே, எனிமா கொடுக்க மருத்துவர் அனுமதித்து முறையையும் சொல்லித் தந்தார். முப்பதாண்டுக் காலம் தமிழாசிரியையாக இருந்தவள் நான். ஒரு சொல்லும் மறக்கவில்லை. கொதித்து ஆறிய நீரை வெதுவெதுப்பாக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுச் சூடு பார்த்தேன். குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினேன். முனையில் தேங்காய் எண்ணெய் தடவினேன். அவரை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, வலக்காலை மடக்கச் சொன்னேன். குவளையை உயரத் தூக்காமல், நீரை மெதுவாக உள்ளே விட்டேன்.

பிறகு, சிறிது நேரம் அடக்கிக்கொள்ளும்படி கூறிவிட்டு அருகிலேயே கைகட்டி நின்றேன். கழிவறைக்குப் போனபோதும் கதவுக்கு வெளியே நின்று முன்னேற்றம் கேட்டேன். நீர் மட்டுமே வந்தது. வெளியே வந்தவர் கடுகடுத்தார்: "பரீச்சை ஹால்ல நிக்கற மாதிரி நீ நின்னுட்டிருந்தா எனக்கு எப்படி அம்மிணி வரும்?"

சோப்பு

மறுநாள் அடுத்த வீட்டு நாச்சிமுத்து வந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். என் கணவரின் பால்ய நண்பர். "நான் பாத்துக்கறனுங்க டீச்சரம்மா" என்று, கேளாமலே குவளையை வாங்கினார். வாங்கிய கையோடு சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைக்கப் போனார். பதறித் தடுத்தேன். சோப்பு நீர் குடலைப் புண்ணாக்கும் என்று விளக்கினேன். காற்றை வெளியேற்றியது முதல் வயிறு இழுத்துப் பிடித்தபோது குழாயை மடித்து நிறுத்தியது வரை, எல்லாமே வாசற்படியில் நின்று நான் சொல்லச் சொல்ல அவர் செய்தவை.

இடையிடையே நண்பர்கள் இருவரும் நூல் விலையையும் ஊர் வம்பையும் பேசிச் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை என் கணவர் என்னிடம் சிரித்து எத்தனை காலமாயிற்று! கழிவறையிலிருந்து திரும்பியவரின் முகம் மலர்ந்திருந்தது. முறை யாருடையது என்று கேட்டேன். "மொறை கிடக்குது அம்மிணி! கைராசிங்கறது படிச்சா வரும்?"

தொடாத கை

இந்தக் கைராசி தெருவெங்கும் பரவியது. ஒரு நாள் மாலை, எதிர் வீட்டுச் சரசுவதி தன் கணவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நாச்சிமுத்துவைத் தேடி வந்தாள். "வயிறு கட்டிக்கிச்சுங்க மாஸ்டர், உங்க கையால ஒருக்கா குடுத்துருங்க" என்றாள். மாஸ்டரும் பெருமையுடன் என் குவளையைக் கேட்டு வந்தார். அவள் கணவனோ வலது அடிவயிற்றைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நான் குவளையைத் தரவில்லை. கடும் வயிற்றுவலியும் வாந்தியும் உள்ளவருக்கு எனிமா கொடுத்தால் ஆபத்தாக முடியும் என்று கண்டித்து, என் செலவில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பினேன். குடல்வால் அழற்சி என்று அன்றே அறுவை செய்தார்கள்.

கணவன் குணமாகி வீடு திரும்பியதும் சரசுவதி ஒரு தட்டு நிறைய ஆப்பிளும் மாதுளையும் கொண்டுவந்தாள். என் வீட்டு வாசலைக் கடந்து போனாள். அடுத்த வீட்டிலிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்டது: "மாஸ்டர், நீங்க கையே வெக்காம என்ற ஊட்டுக்காரரைக் காப்பாத்திட்டீங்க!"

பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள்.

தாராபுரத்திலிருந்து

எனிமாவை வழக்கமாக்கக் கூடாது என்பதால் நீரும் கீரையும் பப்பாளியுமாகச் சில வாரம் ஓட்டினேன். மீண்டும் சிக்கல் வந்தபோது மருத்துவர் இன்னொரு முறை அனுமதித்தார். நாச்சிமுத்துவோ தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். என் கைக்கு நற்பெயர் கிடைக்க இதைவிட வேறு நாள் வாய்க்காது என்று மகிழ்ந்தேன்.

என் கணவர் படுக்க மறுத்தார். "அவன் வரட்டும்" என்றார். அவன் வர இரண்டு நாள் ஆகும் என்றேன். கடைசியில், நாச்சிமுத்து கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தால் சம்மதம் என்றார். வேறு வழியின்றி அழைத்துக் கொடுத்தேன். அங்கே நாகசுரம், இங்கே நான். அவர் பந்தியில் அமர்ந்து சாம்பாரைப் பழிக்க, இவர் இடப்பக்கம் ஒருக்களித்துச் சிரிக்க, வெதுவெதுப்பான நீரை நானே மெதுவாகச் செலுத்தினேன். நானே குழாயை எடுத்தேன். இம்முறை மேற்பார்வைக்கு நிற்காமல் சமையலறைக்கும் போய்விட்டேன். கைப்பேசியுடனேயே கழிவறைக்குள் போனவர், வெற்றியுடன் வெளியே வந்தார். ஒரு சொல்லுக்காக நான் கூடத்தில் காத்து நின்றேன். அவர் என்னைத் தாண்டி நடந்துகொண்டே கைப்பேசிக்குள் கத்தினார்: "நாச்சிமுத்து, பந்தியில உக்காந்திருந்தாலும் உன்ற கைராசி வேலை செய்யுதுடா!"

அந்தக் கையில் அவ்வேளை இருந்தது ஜிலேபி என்று பின்னர் அறிந்தேன். எனிமாக் குழாய் இருந்த கை என்னுடையது என்பதை, வேறு எவரும் சொல்லப்போவதில்லை ஆதலால், இங்கே நானே எழுதிவைக்கிறேன்.