சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா

எண்பதுகளின் கடைசியில், மலேசிய மலையூரான தானா ராத்தாவில் ஒரு கடையின் மேல்மாடியில் தட்டச்சு வகுப்பு நடந்தது. அங்கே நான் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். வகுப்பை நடத்திய சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஒரு கணினியும் வாங்கி, குளிருக்குப் பயந்தவர்போல அதற்குப் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. உடைத்துவிடாதே என்று மலாயில் சொல்லிவிட்டுச் சாவியை என்னிடம் தந்துவிடுவார்.

ஒரு பத்திரிகையில் பார்த்து எழுதிப் போட்டதில் ஐரோப்பாவிலிருந்து ஒரு கட்டு ஃப்ளாப்பி வந்தது. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், அதாவது இயங்குதளம், அதன் நிரல் முழுவதும் உள்ளே இருந்தது. யாரும் திறந்து படிக்கலாம். தப்பு கண்டால் திருத்தி அனுப்பலாம். சம்பளம் இல்லை. பல நாட்டு ஆட்கள் ஆசைக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஏற்பாடு உடனே பிடித்துப்போயிற்று. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தனி ஆர்வம். அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

முதல் தப்பு என் பெயரிலேயே அகப்பட்டது. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் மகளின் பெயர், பிறகு ‘ஏ/பி’, பிறகு அப்பாவின் பெயர். இன்னாரின் மகள் என்பதற்கு மலாய்ச் சுருக்கம் அது. நடுவிலுள்ள சாய்கோட்டையும் பெயரின் ஓர் எழுத்தாகவே நினைத்துப் பழகியிருந்தோம். அந்த இயங்குதளத்துக்கோ சாய்கோடு என்றால் ‘இதற்குள்ளே அது’ என்று பொருள். நான் முழுப்பெயரைத் தட்டிப் பதிவு செய்ததும், என் பெயரில் ஒரு கோப்புறையைத் திறந்து, அதற்குள் அப்பாவின் பெயரில் இன்னொன்றைத் திறந்து வைத்துவிட்டு, என்னை உள்ளே விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். எஸ்டேட் தேயிலை ஆலையில் வேலை அவருக்கு. குளித்துவிட்டுக் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

“எனக்குள்ள நீங்க இருக்கீங்கன்னு சொல்லுதுப்பா.”

“அப்ப நீ எனக்கு ஆத்தாவா?” என்று சிரித்தார். “சரி, இத திருத்திக் குடுத்தா எவ்ளோ குடுப்பான்?”

“ஒண்ணும் குடுக்க மாட்டாங்க.”

சிரிப்பு நின்றது. “இங்க எந்தத் தொரயும் சம்பளம் இல்லாம வேல வாங்குனதில்லலா. மொகம் தெரியாத ஆளுக்கு நீ சும்மா செய்யுறியா? ஒரு தடவ அனுப்பிப் பாரு. பதிலு வரலன்னா ஞாயித்துக்கெழம டவுனுக்குப் போறத விட்டுடு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். அடுத்த ஞாயிறுகளில் அந்த நிரலோடு மல்லுக்கட்டினேன். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெட்டது. கடைசியில் வழி கிடைத்தது. பெயரில் சாய்கோடு அப்படியே இருக்கட்டும், கோப்புறைக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் அதை விட்டுவிடட்டும். மாற்றிய வரிகளை ஃப்ளாப்பியில் ஏற்றி, என் முழுப்பெயரோடு எஸ்டேட் ஆபீஸ் முகவரியும் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

வாரங்கள் ஓடின. பதில் வரவில்லை. இனி ஞாயிறுகள் போச்சு என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

எனக்குச் சாயங்கால வகுப்பு மட்டும் இருந்த ஒருநாள் மத்தியானம், அப்பா தேயிலைத் தூள் ஒட்டிய சட்டையோடு ஆலையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் உறை.

“வெளிநாட்டுக் கடுதாசி. எம் பேருல வந்திருக்கு. ஆபீசுல கணக்கெழுதுற கிராணி என்னய மேலயும் கீழயும் பாக்குறாரு.”

உறையில் ‘திரு’ போட்டு அப்பாவின் பெயர் இருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்குக் கடைசியில் வருவதுதான் ஆளைக் கூப்பிடும் பெயர். பிரித்துப் படித்தேன். திருத்தம் சரியாக இருக்கிறது, அடுத்த பதிப்பில் சேர்க்கிறோம், நேரம் ஒதுக்கி உழைத்ததற்கு மிக்க நன்றி என்று எழுதியிருந்தார்கள். ஒரு பக்கம் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபக்கம் எரிச்சல்.

“ஆள மாத்தி எழுதிட்டாங்கப்பா. நன்றி எனக்குச் சொல்ல வேண்டியது. திருத்தி அனுப்பச் சொல்றேன்.”

“நன்றின்னா போட்டிருக்கு?”

கடிதத்தைத் திரும்ப வாங்கி, தனக்கு அடையாளம் தெரிந்த தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இத்தன வருசமா சம்பளம் குடுத்தாங்க. நன்றின்னு ஒருத்தனும் எழுதுனதில்லலா.”

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆலைக்குத் திரும்பக் கிளம்பியவர் வாசலில் நின்றார்.

“ஞாயித்துக்கெழம மொத பஸ்சுக்கே போ. எம் பேருல செய்யுற வேல, ஒழுங்கா செய்யணும்.”